சம்ப் நட் புரி போய்விட்டால்: கொழும்பில் புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு

சேர்விஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வருகிறது: "சேர், சம்ப் நட் புரி போயிட்டுது. என்ன செய்வம்?" கார் வாங்கி அதிக காலம் ஆகாதவருக்கு இதற்கு என்ன சொல்வதென்று தெரியாது. "சரி, பாத்துச் செய்யுங்கோ" என்றுதான் வாயில் வரும். அந்த ஒரு "சரி"யில் சிலருக்குத் தேவையே இல்லாமல் முழுச் சம்பும் மாறிவிடும். வேறு சிலருக்கு டெப்லோன் டேப்பைச் சுற்றி, மேலே சிலிக்கன் பூசி, கழுவித் துடைத்துக் காரைக் கொடுத்துவிடுவார்கள். முதலாவதில் காசு மட்டும்தான் போகும். இரண்டாவதில் எஞ்சினே போகலாம்.

ஆகவே அந்த அழைப்புக்கு நீங்கள் என்ன கேட்க வேண்டும், எதற்குச் சம்மதிக்கலாம், எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கையில் ஸ்பேனர் எடுத்துத் தாங்களே செய்ய நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

முதலில், எது அந்த நட்

எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் தொட்டிதான் சம்ப். அதன் தாழ்ந்த இடத்தில் ஒயிலை வடிப்பதற்காக ஒரு பொல்ட் இருக்கும். அதைச் சுற்றி வெட்டியிருக்கும் திருகு வளையங்கள்தான் புரி; அவை தேய்ந்து பிடிக்காமல் போவதைத்தான் "புரி போயிட்டுது" என்கிறார்கள். பொல்ட்தான் என்றாலும் கொழும்பில் எல்லாரும் சொல்வது சம்ப் நட். கடையிலும் அப்படியே கேளுங்கள். டொயோட்டா, நிசான் கார்களில் பெரும்பாலும் எம்12 அளவு (12 மில்லிமீற்றர் தடிப்பு), 1.25 மில்லிமீற்றர் புரி (ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி), 14ஆம் நம்பர் ஸ்பேனர். ஹொண்டா, சுசுக்கி, மிட்சுபிஷி கார்களில் பெரும்பாலும் எம்14, 1.5 மில்லிமீற்றர் புரி, 17ஆம் நம்பர் ஸ்பேனர். இறுக்க வேண்டிய அளவு அநேகமாக எல்லாவற்றிலும் 35 முதல் 40 நியூட்டன் மீற்றருக்குள்தான்.

அது எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டால் விளங்கும். 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ பாரம் கொடுத்தால் ஏறக்குறைய 39 நியூட்டன் மீற்றர். அவ்வளவுதான் தேவை. அதே ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கி, ஒருவர் தன் பாரத்தில் பாதியைக் கொடுத்தாலே 100-ஐத் தாண்டிவிடும். காற்றாலோ மின்சாரத்தாலோ அடித்து இறுக்கும் இம்பக்ட் கன் வைத்தால் கேட்கவே வேண்டாம். புரி போவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் வொஷர். நட்டுக்கும் சம்புக்கும் இடையில் இருக்கும் அந்தச் சின்ன வளையம் ஒரு தடவை நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஒயிலை அடைப்பது புரி அல்ல, வொஷர்தான். பழைய வொஷரையே திரும்பப் போட்டால் கசியும். கசிந்தால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அதற்கு அடுத்த சேர்விஸில் இன்னும் கொஞ்சம். புரி ஒரே நாளில் போவதில்லை. கடைசியாகத் திறந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். நாங்கள் 5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுகிறவர்கள். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிய காரில் அந்த நட் 20 தடவை திறந்து மூடப்பட்டிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் எல்லாரும் இருந்த காரையே ஓட்டினோம். இப்போது கைமாறும் ஆக்வா, வகன் ஆர், ஃபிட் எல்லாவற்றிலும் எத்தனை பேர் கைபட்ட சம்ப் நட் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய கார் ஒன்றை வாங்கினால், முதல் ஒயில் மாற்றத்தின்போதே புது நட்டும் புது வொஷரும் போட்டுவிடுங்கள்.

படி 1: திறக்காதீர்கள்

விசித்திரமாக இருக்கலாம், ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நட்டின் தலை வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, அல்லது போன தடவை "கொஞ்சம் லூஸ்" என்று சொன்னார்கள், ஆனால் இப்போது ஒயில் கசியவில்லை என்றால், அது இன்னும் வேலை செய்கிறது. புது நட், வொஷர், தேவைப்பட்டால் சரிசெய்ய ஓர் இடம் எல்லாம் தயாராகும்வரை அதைத் தொட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடை எல்லாம் பூட்டிய பிறகு, ஃப்ளட்டின் கீழே காரைத் தூக்கி வைத்துக்கொண்டு நட்டைக் கழற்றுபவர்கள்தான் திங்கட்கிழமை ஓட்டோவில் பார்ட்ஸ் தேடி அலைகிறவர்கள்.

ஒயில் மாற்றியே ஆகவேண்டும், ஆனால் நட்டைத் தொடப் பயமாக இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக மெல்லிய டியூப் ஒன்றை விட்டு, வக்யூம் பம்பால் ஒயிலை மேலாகவே உறிஞ்சி எடுக்கலாம். அடியில் கொஞ்சம் பழைய ஒயில் மிஞ்சும், பரவாயில்லை. இந்தப் பம்ப் இருக்கும் கராஜா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். எல்லா இடத்திலும் இராது. ஒரு சேர்விஸ் இடைவெளியை நிம்மதியாகக் கடத்த இது நல்ல வழி.

ஏற்கெனவே கசிகிறது என்றால் நிலைமை வேறு. இரவில் நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் ஒன்றிரண்டு சொட்டு என்றால், ஒவ்வொரு நாளும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு கராஜுக்குப் போகலாம். எஞ்சின் ஓடும்போது தொடர்ந்து சொட்டினால் ஓட்டவே வேண்டாம், ரெக்கவரி வாகனத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் இன்ஷுரன்ஸிலேயே அந்தச் சேவை அடங்கியிருக்கலாம், அட்டையைப் பாருங்கள். காலி வீதியில் போகும்போது சிவப்பு ஒயில் லைட் எரிந்தால், "அடுத்த சந்தி வரைக்கும்" என்று நினைக்காமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அந்த லைட் காட்டுவது ஒயில் மட்டத்தை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கின்றன.

படி 2: கசிவது உண்மையில் நட்தானா

ஒயில் எப்போதும் கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தில் சொட்டும். சம்ப் நட்தான் தாழ்ந்த இடம் என்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழும். ஒயில் ஃபில்டர், டெப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கஸ்கட், அதாவது கசிவை அடைக்கும் பட்டை, சம்பைச் சுற்றியுள்ள கஸ்கட் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அடிப்பகுதியைப் பிரேக் கிளீனரால், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால், நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். நட்டைச் சுற்றி மட்டும் புதிதாக ஈரம் வந்தால் அதுதான். மேலேயிருந்து கோடாக வழிந்து வந்தால் வேறு இடத்தைத் தேட வேண்டும்.

படி 3: சம்ப் இரும்பா, அலுமினியமா

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து நட்டுக்குப் பக்கத்தில், சம்பில் வைத்துப் பாருங்கள். நட்டில் வைக்காதீர்கள், அது எப்படியும் ஒட்டும். சம்பில் ஒட்டினால் இரும்புத் தகடு, ஒட்டாவிட்டால் அலுமினியம். சில கார்களில் சம்பின் மேல்பாதி அலுமினியமாகவும் கீழ்பாதி இரும்பாகவும் இருக்கும் என்பதால் நட் இருக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும்.

இந்த அரை நிமிட வேலைதான் பிறகு எந்த ரிப்பேர் என்பதைத் தீர்மானிக்கும். இரும்புச் சம்பில் உட்பக்கமாக ஒரு நட் வெல்ட் பண்ணப்பட்டிருக்கும். அது ஓரளவு தாங்கும், வெளியேயிருந்து போடும் சம்ப் நட்டின் புரிதான் முதலில் போகும். அலுமினியத்தில் புரி சம்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். நட் இரும்பு, சம்ப் மென்மையான உலோகம். எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 4: எங்கே செய்வது

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃப்ளட்டுகளின் கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்வதைப் பற்றி: தரை சமமாக இருக்கும், அது நல்லது. ஆனால் ஒயில் சிந்தினால் முகாமைத்துவக் குழுவின் கடிதம் வரும். அதைவிட முக்கியம், காரோடு வரும் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. அது டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ரம்ப் அல்லது ஜக் ஸ்டாண்ட் இரண்டு இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காரைத் தூக்கும் ஹொயிஸ்ட் இருக்கும் கராஜ் ஒன்றில் நேரம் ஒதுக்கிச் செய்விப்பது மலிவு.

ஹைபிரிட் காரென்றால் இன்னொரு விஷயம். ரெடி நிலையில் விட்டுவிட்டு அடியில் போனால், பட்டரி குறைந்ததும் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். ஒயில் வடிந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பவரை அணைத்து, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வையுங்கள்.

எந்த நட்டைத் திறக்கிறோம் என்பதையும் இரண்டு தடவை பாருங்கள். கியர்பொக்ஸுக்கும் அடியில் ஒரு ட்ரெயின் நட் இருக்கும். சிவிடி (ஒருவகை ஓட்டோ கியர்பொக்ஸ்) ஒயிலை முழுவதும் வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் புது ஒயிலை நிறைத்த கதைகள் நிறைய உண்டு. ஒயில் ஃபில்டர் பக்கத்தில், எஞ்சின் பக்கமாக இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

படி 5: தலை தேய்ந்த நட்டை எடுப்பது

நட்டின் ஆறு மூலையும் வட்டமாகிவிட்டால் ஸ்பேனர் வழுக்கும். வழுக்கத் தொடங்கிய உடனே நிறுத்துங்கள். மூன்றாம் நான்காம் முயற்சியில்தான் மிச்சமும் போகும். எஞ்சினை இளஞ்சூடாக்கிக்கொண்டு, சூடாறாமல் ஆனால் கை வைக்கக்கூடிய பதத்தில், இந்த வரிசையில் முயலலாம்.

ஆறு பக்கச் சொக்கட் ஒன்றைச் சுத்தியலால் தட்டி முழுதாக உட்காரவைத்துத் திருப்புங்கள். பெட்டிகளில் வரும் பன்னிரண்டு பக்கச் சொக்கட் மூலையை மட்டும் பிடிக்கும், இந்த வேலைக்கு உதவாது. அது பிடிக்காவிட்டால் ஒரு அளவு சின்னதை, அதாவது 14-க்குப் பதில் 13-ஐ, தட்டி இறக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் பொல்ட் எக்ஸ்ட்ராக்டர் சொக்கட். உள்ளே சுருளாக வெட்டியிருக்கும், இடப்பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் இறுகப் பிடிக்கும். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் செட்டாகக் கிடைக்கும். என்னைக் கேட்டால் முதலிலேயே இதை வாங்கிக்கொள்வதுதான் புத்தி, மற்ற இரண்டு முயற்சியிலும் போகும் நேரத்துக்கு இது மலிவு. தலை போதிய உயரமாக இருந்தால் வைஸ் க்ரிப் கூடப் போதும்.

உளி வைத்துத் தட்டுவது கடைசி வழி, அதுவும் இரும்புச் சம்பில் மட்டும். அலுமினியச் சம்பில் உளி வைத்தால் வெடிப்பு விழும். நட்டின் தலையில் வேறொரு நட்டை வெல்ட் பண்ணி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒயில் நிறைந்த சம்பில் அது நெருப்பு விளையாட்டு. யாராவது சொன்னால், முதலில் ஒயிலை மேலாக உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் நிறுத்தப்படும் கார்களில் நட்டைச் சுற்றித் துரு பிடித்திருக்கும். முதல்நாளே துருநீக்கி ஸ்ப்ரே அடித்து விட்டால் வேலை பாதியாகும்.

படி 6: சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை

இதுதான் உண்மையான "புரி போன" நிலை. நட் கையோடு சுற்றும், ஆனால் இறங்காது. உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கடைசிப் புரி ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நட்டின் விளிம்புக்கும் சம்புக்கும் இடையில் தட்டையான ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றைச் செருகி, மெதுவாக வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே இடப்பக்கம் திருப்புங்கள். நெம்புவது மெதுவாக. சம்பின் முகத்தில் கீறல் விழுந்தால் புது வொஷரும் கசியும். வெளியே வரும்போது ஒயில் ஒரேயடியாக வரும், தொட்டியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த நட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புரியின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தால், பேனா ஸ்ப்ரிங் மாதிரி இழுத்தால் சுருளாக வரும், அதுதான் சம்பின் புரி. அலுமினியம் உரிந்து நட்டோடு வந்திருக்கிறது. அப்படியென்றால் புது நட் மட்டும் போட்டுப் பயனில்லை. நட்டின் புரி மழுங்கியிருந்து, சம்புக்குள் விரலை விட்டால் வளையங்கள் கூர்மையாகத் தட்டுப்பட்டால், உங்களுக்கு நல்ல காலம்: புது நட், புது வொஷர், வேலை முடிந்தது.

படி 7: எந்த ரிப்பேர்

இங்கேதான் கராஜில் நீங்கள் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இலகுவானதிலிருந்து வருகிறேன்.

புரியைத் துப்புரவாக்குவது. முதல் ஒன்றிரண்டு வளையம் மட்டும் நசுங்கியிருந்தால் டேப் (ஒட்டும் டேப் அல்ல, புரி வெட்டும் கருவி) ஒன்றை விட்டு எடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: கடையில் "எம்12 டேப்" என்று மட்டும் கேட்டால் கிடைப்பது 1.75 புரி. அதுதான் சாதாரண எம்12. உங்களுக்கு வேண்டியது 1.25. அதேபோல் சாதாரண எம்14 என்பது 2.0, உங்களுக்கு வேண்டியது 1.5. தவறான டேப்பை விட்டால் இருந்த புரியும் போய்விடும். நட்டைக் கையோடு கொண்டுபோய்ப் புரியின் இடைவெளியை அளக்கும் புரி கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓவர்சைஸ் நட். பழையதைவிடச் சற்றுப் பெரியது, இதன் நுனியில் வெட்டுப் பல் இருக்கும். உள்ளே போகும்போது தனக்குத் தானே புதுப் புரி வெட்டிக்கொண்டு போகும். மலிவு, அரை மணி நேர வேலை, அதனால் கராஜில் முதலில் சொல்வது இதைத்தான். நேராகப் போனால் ஒரு வருடம் இரண்டு வருடம் ஓடும். சரிந்து போனால் வொஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், அன்றே கசியும். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் திறந்து மூடினால் அலுமினியத்தில் அதுவும் தேய்ந்துவிடும். இதனால் நடுவில் சின்னதாக இன்னொரு நட் உள்ளதும் விற்கிறார்கள்: பெரியது அப்படியே இருக்கும், ஒயில் வடிக்கச் சின்னதை மட்டும் திறப்பது. ஓவர்சைஸ்தான் போடுவதென்றால் அந்த இரட்டை வகையைக் கேளுங்கள்.

பெரிதாக்கி வெட்டுவது. எம்12 புரி போன ஓட்டையை 12.5 மில்லிமீற்றர் ட்ரில்லால் பெரிதாக்கி எம்14, 1.5 டேப் அடித்து, ஹொண்டாவின் நட் போன்ற ஒன்றைப் போடுவது. ஓட்டையைச் சுற்றி உலோகம் தடிப்பாக இருந்தால் சுத்தமான, நீடிக்கும் வேலை. ஆனால் கையில் ட்ரில் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து மேல்நோக்கி நேராகத் துளைப்பது எல்லாராலும் முடிகிற காரியம் அல்ல.

இன்ஸர்ட். அலுமினியச் சம்புக்கு நான் சொல்வது இதுதான். ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே இரும்புப் புரி ஒன்றை நிரந்தரமாக இருத்துவது. அதற்குள் உங்கள் பழைய அளவு நட்டே திரும்பப் போகும், அதே ஸ்பேனர், அதே வொஷர். கம்பிச் சுருளாக வரும் ஹெலிகொயில் ஒரு வகை. குழாய்த் துண்டு போன்ற முழு உலோகப் புஷ் இன்னொரு வகை. ஒயில் வேலைக்குப் புஷ்தான் மேல். சுருளின் பின்பக்கமாக ஒயில் மெல்லக் கசியலாம், ஹெலிகொயில் போட்டால் வெளிப்புரியில் சீலண்ட் பூசித்தான் இறக்க வேண்டும். நல்ல லேத் பட்டறை ஒன்றில் சம்பைக் கழற்றிக் கொடுத்தால், காலர் வைத்த புஷ் ஒன்றைக் கடைந்தே போட்டுத் தருவார்கள். அந்தப் புரி முதல் இருந்ததைவிட உறுதியாக இருக்கும்.

இரும்புச் சம்பாக இருந்தால், கழற்றி, கழுவி, உட்பக்க நட்டை அகற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வெல்ட் பண்ணுவது. பிறகு தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்துக் கசிவு பார்க்காமல் பூட்டக் கூடாது.

சம்பையே மாற்றுவது. வெடிப்பு இருந்தால், அல்லது ஏற்கெனவே யாரோ சரிந்து துளைத்து நாசமாக்கியிருந்தால், இதுதான் வழி. மற்றபடி இது கடைசி. பஞ்சிகாவத்தையில் ரிகண்டிஷன் சம்ப் கிடைக்கும். வாங்கும்போது சம்ப் நட்டைக் கழற்றிப் புரியைப் பாருங்கள். புரி போன சம்புக்குப் பதிலாகப் புரி போன இன்னொரு சம்பை வாங்கி வருவதில் அர்த்தமில்லை.

டெப்லோன் டேப், சிலிக்கன், எம்-சீல், எப்பொக்சி எதுவும் ரிப்பேர் அல்ல. நட்டைத் தாங்கிப் பிடிப்பது புரி. பசையால் அதிர்வைத் தாங்க முடியாது. உள்ளே போகும் டெப்லோன் டேப் துண்டுகளும் சிலிக்கன் துகள்களும் ஒயில் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். "இப்போதைக்கு" என்று சொல்லி இதைச் செய்பவரிடம் காரை விடாதீர்கள். வேறு வழியே இல்லாமல் காரை ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், விரிந்து பிடிக்கும் ரப்பர் ப்ளக் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கராஜ் வரைக்கும்தான்.

படி 8: பார்ட்ஸ் வாங்குவது

பஞ்சிகாவத்தையில் கடைக்காரர் முதலில் கேட்பது சசி நம்பர். கார்ப் பெயரும் வருடமும் போதாது. வாகனப் பதிவுப் புத்தகத்தின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நானா, ஆக்வா, என்எச்பி 10. சம்ப் நட் ஒன்று, வொஷர் மூன்று."

"ஜப்பானா, தாய்வானா தம்பி?"

ஜப்பானையே வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு ஒயில் கான் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வொஷரை இரண்டு மூன்றாக வாங்கி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு வைத்தால் அடுத்தடுத்த சேர்விஸுக்கும் ஆயிற்று. சேர்விஸ் ஸ்டேஷனில் "வொஷர் இல்லை சேர், பழையதையே போடுறன்" என்று சொல்லும்போது எடுத்து நீட்டலாம். கடையிலேயே பழைய நட்டோடு புது நட்டைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்துப் பாருங்கள்: புரி ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் நீளமான நட் உள்ளே மிஞ்சியிருக்கும் புரியைப் பிடிக்கும் என்பது உண்மைதான், சிலவேளை அதுவே போதும். ஆனால் உள்ளே எதிலாவது முட்டாது என்று தெரிந்தால் மட்டும்.

படி 9: வெட்டும்போது தூள்

சம்பைக் கழற்றாமல் டேப் அடித்தால் தூள் உள்ளே போகும். அலுமினியத் தூளைக் காந்தம் எடுக்காது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடித்துப் பூசி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போய், அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். முடிந்த பிறகு நட்டைப் போடாமல், மேலிருந்து மலிவான ஒயில் அரை லீற்றர் ஊற்றிக் கழுவி வடிக்கவிட வேண்டும். இதைச் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள். துளைத்துப் பெரிதாக்கும் வேலை என்றால் சம்பைக் கழற்றித்தான் செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். கழற்றிப் பூட்டும்போது பல கார்களில் கஸ்கட்டுக்குப் பதில் பசைதான். டியூபில் எழுதியிருக்கும் நேரம்வரை காயாமல் ஒயில் ஊற்றக் கூடாது. "உடனே எடுத்திட்டுப் போகலாம்" என்றால், இரவு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படி 10: பூட்டுவது

நட்டும் சம்பின் முகமும் ஒயில் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். பழைய வொஷர் சிலவேளை சம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதை எடுக்காமல் மேலே புதியதைப் போட்டால் இரண்டுமாகச் சேர்ந்து கசியும். முதல் மூன்று நான்கு சுற்று கட்டாயம் விரலால். விரலால் போகாவிட்டால் சரிந்து போகிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். விரலுக்கு இறுகிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச். அது இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரால், வொஷர் உட்கார்ந்ததை உணர்ந்த பிறகு ஏறக்குறைய கால் சுற்று. ஓவர்சைஸ் நட்டுக்கு இதையும் விடக் குறைவு.

கராஜில் நிற்கும்போது வேலை செய்யும் மெக்கானிக் பாஸிடம் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லலாம்: "அண்ணை, கன் வைக்காமல் கையாலயே இறுக்கிவிடுங்கோ." பெரும்பாலானவர்கள் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு கராஜ் இருக்கிறது.

ஒயிலை அளவுக்கு ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சிவப்பு லைட் சில விநாடிக்குள் அணைகிறதா பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, டிஷ்யூ ஒன்றால் நட்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். உலர்ந்து வந்தால் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து திரும்ப ஒரு தடவை. அன்றிரவும் அட்டையை விரித்து வையுங்கள். கொஞ்சம் ஈரம் தெரிந்தால் இறுக்க வேண்டாம். வொஷரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஒயிலை வடிகாலிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள கலனில் எடுத்துப் போய்ச் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், அவர்களிடமிருந்து சேகரித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, அடுத்த ஒயில் மாற்றத்தின் கிலோமீற்றர் எழுதி ஒட்டும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். என்ன போட்டிருக்கிறது, என்ன ஸ்பேனர், எவ்வளவு இறுக்கம் என்று எழுதுங்கள்: "சம்ப் நட்: புஷ் போட்டது. எம்12 × 1.25, ஸ்பேனர் 14. கையால் மட்டும், 37 நியூட்டன் மீற்றர்." ஓவர்சைஸ் என்றால் சிவப்பு மையில். சேர்விஸ் ஸ்டேஷனில் காரை எடுக்கும் பையன் பெரும்பாலும் சிங்களம் பேசுபவராக இருப்பார், அதனால் அதற்குக் கீழே சிங்களத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்.